பாடி கொடுக்க ஆளில்லாததால் பிறந்த கார்

1960களில் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பானெட்டை ஒரு தடவை திறந்து பார்த்தவர்கள் அதை லேசில் மறக்க மாட்டார்கள். மற்ற கார்களில் பானெட் என்பது என்ஜினை மூட, முன்கண்ணாடிக்குக் கீழே கீல் வைத்த ஒரு தகடு; தூக்கி ஒரு கம்பியை முட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. ஹெரால்டில் முன் சக்கரங்களுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கொக்கிகளை விடுவிக்க வேண்டும். பிறகு பின்முனையைப் பிடித்துத் தூக்கினால் ஹெட்லைட், மட்கார்டு, முகப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் சாயும், தொட்டியில் தண்ணீர் குடிக்கத் தலையைக் கவிழ்க்கிற மாடு மாதிரி. என்ஜின், ஸ்டியரிங் ராக், சுருள் ஸ்பிரிங், இரண்டு டயர் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும்.

சென்னையில் ஒரு ஷெட்டில் வயதான மெக்கானிக் ஒருவர் இப்படித் திறந்த ஹெரால்டின் இடது டயர்மேல் உட்கார்ந்து கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முக்காலி எதற்கு, டயர்தான் இருக்கிறதே. நான் வேடிக்கை பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இது கட்டில் மாதிரி தம்பி. போல்ட்டைக் கழட்டினா தனித்தனியா வந்துடும், திரும்ப மாட்டிக்கலாம்" என்றார். அவர் சும்மா சொன்ன அந்தக் கட்டில் உவமையில் இந்தக் காரின் கதை பாதி அடங்கிவிடுகிறது. ஹெரால்டு ஏன் கட்டில் மாதிரி ஆனது என்று தேடிப்போனால் 1953-ம் வருஷத்து இங்கிலாந்தில் போய் நிற்போம்.

கோவென்ட்ரி நகரத்தில் 1903-ல் தொடங்கிய கம்பெனி ஸ்டாண்டர்டு மோட்டார். என்ஜின் செய்யத் தெரியும், கியர்பாக்ஸ் செய்யத் தெரியும். பெரிய தகடுகளை அடித்து காரின் கூட்டை உருவாக்குகிற பிரஸ் ஆலை மட்டும் சொந்தமாகக் கிடையாது. அந்த வேலையை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி கம்பெனி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்டினும் மாரிஸும் 1952-ல் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. மறுவருஷமே அந்தப் பெரிய கம்பெனி ஃபிஷர் அண்ட் லட்லோவை விலைக்கு வாங்கிவிட்டது. ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. அதே 1953-ல் பிரிக்ஸ் என்ற இன்னொரு பாடி கம்பெனியைத் தன்வசப்படுத்தியது. நாம் தினமும் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த கிணற்றைப் பங்காளி கிரயம் பண்ணிக்கொண்டால் எப்படியிருக்கும்? ஸ்டாண்டர்டின் நிலைமை அதுதான். ஓடிக்கொண்டிருந்த மாடல்களுக்கு ஒப்பந்தப்படி பாடி வந்தது. அடுத்த புது காருக்கு வழியில்லை.

இதன் கனம் புரிய, அன்றைய கார்கள் எப்படிச் செய்யப்பட்டன என்று பார்க்க வேண்டும். பழைய காலத்துக் காருக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். சேஸிஸ் என்பது அதுதான். என்ஜினும் சக்கரமும் அதில் மாட்டப்படும். பாடி மேலே உட்கார்ந்துகொள்ளும். இன்றைய லாரியில் அப்படித்தான். 1950களில் சின்ன கார்கள் வேறு வழிக்குப் போய்விட்டன. தனிச் சட்டம் இல்லை, தகட்டாலான கூடே பாரத்தையும் தாங்கும். முட்டை ஓடு மாதிரி. எடை குறையும், நிறையச் செய்தால் விலையும் குறையும். ஆனால் அந்தக் கூட்டை முழுசாக அடித்து வெல்டிங் செய்ய ராட்சத பிரஸ்களும், அச்சுகளும், பெரிய முதலும் வேண்டும். ஸ்டாண்டர்டு கம்பெனி 1953-ல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு எய்ட் கார் இந்தப் புது வகைதான். அடுத்த காருக்குக் கூடு அடித்துத் தர ஆளில்லை என்றதும், பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டரும் நிர்வாக இயக்குநர் அலிக் டிக்கும் ஒரு படி பின்னால் போனார்கள். தனிச் சேஸிஸ் போடுவோம். பாடியைத் துண்டு துண்டாகப் பிரிப்போம். ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன ஆலை அடித்துத் தரும் அளவில் இருக்கட்டும். கோவென்ட்ரியில் வைத்து போல்ட் போட்டுக் கோத்துக்கொள்வோம்.

பர்மிங்ஹாமில் மல்லினர்ஸ், லிவர்பூலில் ஹால் எஞ்சினியரிங் என்று ஆளுக்கொரு பக்கம் துண்டுகள் செய்தார்கள். பின்னாலேயே ஸ்டாண்டர்டு அந்தக் கம்பெனிகளையும் வாங்கிப் போட்டது. சூடு கண்ட பூனையல்லவா.

திட்டத்துக்கு உள்வட்டாரத்தில் வைத்த பெயர் ஸோபோ. திபெத் பக்கம் யாக் எருமைக்கும் மாட்டுக்கும் பிறக்கிற பொதிமாட்டின் பெயர். கம்பெனிக்காரர்களுக்கே இது என்ன ஜாதி என்று சந்தேகம் இருந்திருக்கும்போல. அடிப்பாகம் முடிவாகிவிட்டது; மேலே போட வேண்டிய உருவம்தான் சரியாக அமையவில்லை. கம்பெனியின் டிசைனர் வால்டர் பெல்குரோவ் 1955-லேயே வெளியேறிவிட்டார். வரைந்து வரைந்து பார்த்த மாதிரிகளில் ஒன்றுகூட யாருக்கும் பிடிக்கவில்லை.

இங்கே கதைக்குள் ஒரு இத்தாலிக்காரர் வருகிறார். அவரைச் சேர்த்துவிட்டது வேறு ஆள். ரேமண்ட் ஃப்ளவர் என்றொருவர் ஸ்டாண்டர்டு கம்பெனியிடம் உதிரிப்பாகம் கேட்டு வந்திருந்தார். பேச்சுவாக்கில், ஒரு புது காரின் முன்மாதிரியை 3,000 பவுண்டுக்குள், சில மாதங்களிலேயே செய்து வாங்கித் தர முடியும் என்றார். இங்கிலாந்தில் அந்தக் காசுக்கு அது நடக்காத காரியம். யார் செய்து தருகிறார்கள் என்று முதலில் சொல்லவில்லை. துருவிப் பார்த்ததில் டூரின் நகரத்து ஜியோவன்னி மிகெலோட்டி என்று தெரிந்தது. பல பெரிய கார் பட்டறைகளுக்கு முகம் தெரியாமல் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். வெப்ஸ்டர் 1957-ல் டூரின் போனார். மிகெலோட்டி பென்சிலை எடுத்துச் சில நிமிஷங்களில் ஹெரால்டின் கோடுகளைப் போட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கார் உலகத்தில் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை, நான் பாதிதான் நம்புவேன். ஆனால் வேலை மின்னல் வேகத்தில் நடந்தது உண்மை. முன்மாதிரிக்கு வின்யாலே பட்டறை பாடி கட்டியது.

வரைந்த படத்தைப் பார்த்தால் மிகெலோட்டியின் சாமர்த்தியம் தெரியும். துண்டுகளைக் கோத்துச் செய்கிற காரில் இணைப்புகள் வெளியே தெரியும். மறைக்க முடியாத அந்தக் கோடுகளை அவர் அலங்காரமாக்கிவிட்டார். கத்தியால் கீறினாற்போன்ற விளிம்புகள், நேர்க்கோடுகள், பின்பக்கம் சின்னதாக நீட்டிய வால் முனை, சுற்றிலும் அகலக் கண்ணாடி. பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் கார்கள் அப்போது ஊதிய பலூன் மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தன.

வெளியிடுவதற்கு முன்பே இரண்டு வண்டிகளை ஆப்பிரிக்காவின் தென்கோடியான கேப்டவுனிலிருந்து வடமுனை டான்ஜியர்வரை ஓட்டிப் பார்த்தார்கள். 1959 ஏப்ரல் 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கார் அறிமுகமானது. பெயர்ப் பலகையில் ஸ்டாண்டர்டு இல்லை, டிரையம்ப் ஹெரால்டு. இதற்கும் காரணம் உண்டு. 1903-ல் ஸ்டாண்டர்டு என்ற சொல்லுக்கு உயர்ந்த தரம் என்று பொருள் தொனித்தது. ஐம்பது வருஷத்தில் அது சாதா என்ற அர்த்தத்துக்கு இறங்கிவிட்டது. ஸ்டாண்டர்டு மாடல் என்றால் கூடுதல் வசதி எதுவுமில்லாத மலிவு மாடல். உலகப் போரின் கடைசியில் ஸ்டாண்டர்டு வாங்கிப் போட்டிருந்த டிரையம்ப் என்ற பெயருக்கு மவுசு அதிகம். அதை எடுத்து ஒட்டினார்கள். ஹெரால்டு என்ற பாதிப் பெயர் அலிக் டிக் வைத்திருந்த படகின் பெயர் என்று சொல்வார்கள்.

என்ஜின் புதிதல்ல. ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாகத் தொடங்கி, ஸ்டாண்டர்டு டென் காரில் 948 சிசியாக வளர்ந்த அதே நாலு சிலிண்டர். சக்தி சுமார் 35 குதிரை. வேகத்தில் சாதாரணம்தான். அசத்தியது திருப்பம். 25 அடி வட்டத்துக்குள், அதாவது ஏழரை மீட்டர் சொச்சத்தில், முழுசாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்குத்தான் அந்தப் பெருமை இருந்தது. முன் சக்கரங்களுக்கு நடுவே பாடியின் பெட்டிச் சுவர் எதுவும் இல்லாததால், சக்கரம் வேண்டிய மட்டும் திரும்ப இடம் கிடைத்தது. இதுவும் தனிச் சேஸிஸின் புண்ணியம். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதும் அந்த விலை கார்களில் அபூர்வம்.

குறையும் அங்கேதான். பின்பக்கம், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிடுகிற டிஃபரென்ஷியல் பெட்டியைச் சேஸிஸோடு இறுக்கிவிட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆக்ஸில் கையை ஊஞ்சல் மாதிரி ஆட விட்டிருந்தார்கள். மேலே குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டை. நேர் சாலையில் சுகமாகப் போகும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது திடுக்கிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின் சக்கரம் வயிற்றுக்கடியில் மடங்கப் பார்க்கும், வண்டி பின்பக்கம் விசிறும். கூடவே, கோத்த பாடி என்பதால் இணைப்புகளில் ரப்பர் பீடிங் சரியாக உட்காராத முதல் வருஷத்து வண்டிகளில் மழைத்தண்ணீர் உள்ளே வந்தது.

விலை வரியோடு 702 பவுண்டு. நாலே மாதத்தில், 1959 ஆகஸ்டில், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் மினி காரை 497 பவுண்டுக்கு விற்கத் தொடங்கியது. முன்சக்கர இயக்கம், சேஸிஸ் இல்லாத கூடு, எல்லாமே எதிர்காலம். அந்த மினிக்குக் கூடு அடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? பழைய ஃபிஷர் அண்ட் லட்லோதான்.

அடுத்த வருஷமே இங்கிலாந்தில் தவணைக் கடனை இறுக்கியதால் கார் விற்பனை படுத்தது. பாடி ஆலைகளை வாங்கியே கஜானாவைக் காலிசெய்திருந்த ஸ்டாண்டர்டு தாக்குப்பிடிக்கவில்லை. 1961-ல் லாரி கம்பெனியான லேலண்ட் அதை வாங்கியது; அலிக் டிக் உட்படப் பழைய இயக்குநர்கள் வெளியேறினார்கள். லேலண்டின் வரவு ஹெரால்டுக்கு நல்லதாகத்தான் முடிந்தது. என்ஜின் 1147 சிசியானது, கட்டுமானம் தேறியது, விற்பனை ஏறியது. பரிசோதனைக் கூடத்தின் மூலையில் துணி போர்த்திக் கிடந்த ஒரு ரெண்டு சீட் காரையும் புது முதலாளிகள் கண்டெடுத்தார்கள். ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி மிகெலோட்டி வரைந்து வைத்திருந்தது. 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் வந்து 1980 வரை ஓடியது அதுதான். ஹெரால்டு என்ஜின் இன்னும் விசித்திரமான இடத்துக்கெல்லாம் போயிற்று: தரையிலும் தண்ணீரிலும் ஓடிய ஜெர்மனியின் ஆம்ஃபிகாருக்குப் பின்னால் இருந்தது இந்த 1147 சிசிதான். லோட்டஸ் எலான் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரத் தாங்கிகளும் டிரையம்ப் சரக்கு.

சேஸிஸ் பாரத்தைச் சுமப்பதால் கூரைக்கு வேலை குறைவு. கூரையைக் கழற்றினால் திறந்த கார். பின்பகுதியை மாற்றினால் சாமான் ஏற்ற நீண்ட கூரையுள்ள எஸ்டேட். அதன் பின்பக்கத்துப் பக்கவாட்டுக் கண்ணாடிகளை அடைத்தால் வேன். போட்டி கம்பெனிகள் ஒவ்வொரு வகைக்கும் புது அச்சு செய்ய வேண்டியிருந்த காலத்தில் ஹெரால்டு வேஷம் மாற்றிக்கொண்டே இருந்தது.

ஆனால் துண்டு காரின் உண்மையான வசதி கடல் கடந்தபோதுதான் தெரிந்தது. 1950, 60களில் சுதந்திரமடைந்த நாடுகளும், பிரிட்டிஷ் முடியின்கீழ் தன்னாட்சி நடத்திய பழைய டொமினியன்களும் முழு காரை இறக்குமதி செய்ய இஷ்டப்படவில்லை. பெட்டியில் பாகங்களாக வரட்டும், எங்கள் ஆட்கள் கோக்கட்டும் என்றன. கூடே சேஸிஸான காரை அப்படிப் பிரித்து அனுப்பினால், போய்ச் சேருகிற ஊரில் தகடுகளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வெல்டிங் ஜிக்குகள் வேண்டும், கை தேர்ந்த ஆட்கள் வேண்டும். ஹெரால்டுக்கு ஸ்பேனர் போதும் என்று சொன்னால் மிகைதான், ரொம்ப மிகையல்ல. அயர்லாந்து, மால்டா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று போன இடத்திலெல்லாம் அது ஊர்க் கார் ஆனது. ஆஸ்திரேலியாவில் போர்ட் மெல்போர்னில், பழைய ஸ்டாண்டர்டு கிளையிலிருந்து வளர்ந்த ஆஸ்திரேலியன் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் அதைக் கோத்தது. அதே கம்பெனி 1963-ல் டொயோட்டா கார்களையும் கோக்கத் தொடங்கியது. யார் போகப்போகிறார்கள், யார் நிலைக்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

சென்னைக்கு வருவோம். மெட்ராஸ் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் கோவென்ட்ரி ஸ்டாண்டர்டும் கூட்டாக 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்-பெருங்களத்தூர்ப் பக்கம் ஜிஎஸ்டி சாலையில் தொழிற்சாலை வைத்திருந்தது. 1953-ல் மத்திய அரசு, உள்ளூரிலேயே பாகம் செய்யும் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று சொல்லிவிட, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிப்போனார்கள். நிலைத்தவற்றில் கார் செய்தவை மூன்று: கல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. முதல் இரண்டும் கூடே சேஸிஸான கார்கள். மூன்றாவது 1961 முதல் ஹெரால்டு. அதன் 948 சிசி என்ஜின் ஸ்டாண்டர்டு டென் காருக்காக ஏற்கெனவே மெட்ராஸில் பழகியிருந்தது. இங்கிலாந்தில் 1147, பிறகு 1296 என்று ஏறியபோதும் நம்மூர் ஹெரால்டு 948-லேயே நின்றது. நம் தொழிலதிபர்கள் செம்பியத்தில் பிஸ்டனும் பாடியில் வீலும் செய்யத் தொடங்கியிருந்த காலம் அது. (பாடி என்றால் இங்கே ஊர்ப் பெயர்.)

பெயர்ப் பலகையில் டிரையம்ப் இல்லை, ஸ்டாண்டர்டுதான். இங்கே அந்தச் சொல்லின் மரியாதை இறங்கவில்லை. பிரிட்டனில் 1963-ல் வழக்கொழிந்த பெயர் மெட்ராஸில் இன்னும் 25 வருஷம் இருந்தது. இன்னொரு வேடிக்கை, கோவென்ட்ரி கம்பெனியை லேலண்ட் வாங்கியதும் நகரத்தின் வடகோடி எண்ணூரில் லாரி செய்த அசோக் லேலண்டும் தென்கோடியில் கார் செய்த ஸ்டாண்டர்டும் ஒருவகையில் தாயாதிகள் ஆகிவிட்டன.

ஹெரால்டு எல்லா நாட்டிலும் ரெண்டு கதவு கார். நாலு பேர் குடும்பத்துக்கு அது சரி என்று கோவென்ட்ரி நினைத்தது. நம்மூரில் முன் சீட்டை மடக்கி, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டி பின் சீட்டுக்குப் போவதைக் கண்ணால் பார்த்தால் போதும், பிரச்சினை விளங்கிவிடும். ஒருவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவரும் இறங்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற காரில் அது பெரிய கூத்து. பக்கத்திலேயே அம்பாசடரும் ஃபியட்டும் நாலு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. 1960களின் கடைசியில் மெட்ராஸ் ஆலை, கோவென்ட்ரி செய்தே பார்க்காத நாலு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. அதன் பெயர் மார்க் 3. கூடே பாரம் தாங்குகிற காரில் பக்கச் சுவரில் ஓட்டை போட்டுப் புதுக் கதவு வைப்பதென்றால் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். ஹெரால்டில் பாரம் கீழே சேஸிஸில். மேலே எத்தனை கதவு வைத்தால் அதற்கென்ன.

மெட்ராஸ் ஆலையின் அடுத்த மாடல் கெஸல். 1972-ல் வந்தது. முன்னும் பின்னும் முகத்தை மாற்றி, உள்ளே அதே 948 சிசியோடு. முக்கியமான மாற்றம் அடியில் இருந்தது: ஊஞ்சல் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு, அம்பாசடரிலும் ஃபியட்டிலும் உள்ளதுபோல் ஒரே தண்டாக ஆக்ஸிலைப் போட்டார்கள். வாங்கினவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழைய ஏற்பாடு ஒத்துவரவில்லை. பின்னால் நாலு பேர் ஏறினால் சக்கரங்கள் கால் அகட்டி நிற்பதுபோல் சாயும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். தேர்ந்த பொறியாளர்கள் முன்னேற்றம் என்று வைத்ததை எடுத்துவிட்டுப் பழசைப் போட்டது பின்னடைவு என்று எனக்குத் தோன்றவில்லை. நம் சாலைக்கும் பாரத்துக்கும் அதுதான் சரி. ஆனாலும் கெஸல் அதிகம் விற்கவில்லை. கோவென்ட்ரியில் ஹெரால்டு 1971-லேயே நின்றிருந்தது. 1977-ல் கெஸலும் நின்றது. கம்பெனி ஸ்டாண்டர்டு 20 வேனோடு காலத்தை ஓட்டியது.

கடைசியாக 1985-ல் ஒரு பெரிய காரை முயன்றார்கள். ரோவர் எஸ்டி1 என்ற பிரிட்டிஷ் காரின் உடம்பு, அதில் ஸ்டாண்டர்டின் பழைய வான்கார்டு கார் வம்சத்து 1991 சிசி என்ஜின். ஃபெர்குசன் டிராக்டருக்குச் சொந்தக்கார என்ஜின் அது. மாருதி வந்துவிட்ட ஊரில் ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1988-ல் ஆலை கார் செய்வதை நிறுத்தியது. இன்று ஜிஎஸ்டி சாலையில் அந்த இடத்தைத் தாண்டும்போது கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும்தான் தெரியும்.

கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாரே அந்த மெக்கானிக், அவர் கையிலிருந்தது மார்க் 3. டயரை விட்டு இறங்கி, பின் கதவைத் திறந்து, அடியில் துரு தின்ற இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இன்றைக்கும் சாமான் செய்து விற்கிறார்கள். பானெட் கொக்கி, கமான் பட்டை, கேஸ்கெட், ரப்பர் எல்லாம் எழுதிப் போட்டால் வந்துவிடும். "இது மட்டும் வராது தம்பி. அவங்ககிட்ட ஏது?" என்றார். தகட்டை அளவெடுத்து, டிங்கரிங் ஆளிடம் கொடுத்து, கையால் தட்டித்தான் செய்ய வேண்டும்.